பின்சக்கரத்தைப் பிடித்திருப்பது

ஃப்ளின்ட், ஜனவரி 14, 1996

அன்புள்ள லைல் அண்ணா,

மணி பன்னிரண்டரை. இந்த நேரத்தில் எழுதுகிற கடிதத்தில் எழுத்தும் கோணும், பேச்சும் கோணும், மன்னித்துக்கொள். கெல்சி தூங்கினால்தான் எனக்குக் கை காலியாகிறது. அவளுக்கு மறுபடியும் காது வலி. மற்றபடி நாங்கள் மூவரும் சுகமே. உன் முதுகு எப்படி இருக்கிறது? அந்த வடக்குக் கோடியில் பனி ஜன்னல் உயரம் ஏறிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். சிறையில் உங்களுக்கு இரண்டாவது கம்பளி கொடுக்கிறார்களா?

கேட்க வந்தது கார் விஷயம். வேட் அந்த அறுபத்தொன்பதாம் வருஷத்து செவெல் காரை இந்த வருஷம் முடித்துவிடப் போகிறார். எஞ்சின் தயார். அறுநூறு குதிரைச் சக்தியாம். இனி, பின்சக்கரங்களைச் சுழற்றுகிற பல்பெட்டியாக எந்த டிஃபரன்ஷியலைப் போடுவது என்பதில்தான் வீடே இரண்டுபட்டுக் கிடக்கிறது. வீடு என்றால் என் புருஷன் வேட், எதிர்வீட்டு ஆர்லோ, அவர்களோடு சனிக்கிழமை பீருக்கு வந்து சேருகிற இருவர். ஆர்லோ ஃபோர்டின் ஒன்பது அங்குல டிஃபரன்ஷியலைப் போடச் சொல்கிறார். அதற்கு வேட், "எங்கப்பா முப்பத்தோரு வருஷம் செவர்லே கம்பெனி லைன்ல நின்ன மனுஷன். அதுக்கடியில ஃபோர்டை மாட்டினா குழியிலேருந்து எழுந்து வந்து உதைப்பாருடா" என்றார். ஆர்லோ விடவில்லை. "உதைக்கட்டும், அவருக்கும் கால் மரத்துப் போயிருக்கும்" என்றார்.

உன்னைக் கேட்கச் சொல்லி வேட் சொல்லவில்லை. கேட்கப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த செப்டம்பருக்குப் பிறகு, பந்தயத்தில் உன் காரின் ஆக்சில் தண்டு ஒடிந்து சக்கரம் கழன்று ரோட்டோரம் நின்ற அந்தப் பெண் ட்ரீனாவின் மேல் போய் விழுந்ததற்குப் பிறகு, வேட் உன் பேரை எடுப்பதில்லை. நீயும் உன் கடிதங்களில் அவர் பேரை எழுதுவதில்லை. ஒரே மெக்கானிக் கடையில் ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் நீங்கள். வருத்தம் ஆளை அப்படி ஆக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் இதைக் கேட்பது சரிதானா என்று மூன்று நாள் யோசித்தேன். ஆனால் இது தெருவில் ஓடப் போகிற கார். ஆகஸ்டில் பழைய கார்க்காரர்களின் ஊர்வலத்துக்கு மூவரும் அதில்தான் போக வேண்டுமாம். பின் சீட்டில் கெல்சியின் இருக்கையைக் கட்ட பெல்ட் இருக்கிறதா என்று மட்டும்தான் எனக்குப் பார்க்கத் தெரிந்தது. மிச்சத்தை நீ சொல்.

உன் தங்கை,
கோரின்


ஜனவரி 29

கோரிக்கு,

கடிதம் வந்தது. முதுகு பழைய கதைதான். கம்பளி இரண்டு உண்டு. குழந்தையின் காதை வேறு டாக்டரிடம் காட்டு. ஒரே மருந்தை நாலாவது தடவை எழுதுகிறவனிடம் போகாதே.

காருக்கு வருவோம். எது பலம் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அந்தக் கேள்வியே தப்பு. அறுநூறு குதிரையை அகலமான டயரில் இறக்கினால் ஒடியாத ஆக்சில் கிடையாது, இன்றில்லாவிட்டால் நாளை. ஒடிந்த பிறகு சக்கரம் எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி.

செவெலோடு வந்த பன்னிரண்டு போல்ட் டிஃபரன்ஷியலில் பல் நல்ல பல். ஆனால் ஆக்சிலைப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு பிறை வடிவக் கிளிப். வெளியே ஒன்றும் கிடையாது. ஆக்சில் நடுவில் ஒடிந்தால், ஒடிந்த துண்டும் சக்கரமுமாக வெளியே உருவிக்கொண்டு போகும். அதைச் செய்தவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் செய்தது குடும்பக் காருக்கு. ஒன்பது அங்குலத்தில் ஆக்சிலின் வெளிமுனை போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். ஒடிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். லாரியில் வருகிற அறுபதாம் நம்பரும் உண்டு. அது இவன் காருக்கு அதிகப் பாரம்.

ஃபோர்டு ஆகாது என்றால், பன்னிரண்டு போல்ட்டையே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வெளிக்கூட்டின், அதாவது ஹவுசிங்கின், இரண்டு முனையையும் வெட்டி எறிந்து, போல்ட் போடுகிற முனைகளை வெல்டு வைத்து, அதற்கேற்ற ஆக்சில் போட வேண்டும். இரண்டு முழு நாள் வேலை. செய்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் சரி, பிரேக் டிரம்மைக் கழற்றி நான்கு போல்ட்டையும் உன் கண்ணால் பார்.

இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிற வகை உள்ளே வேண்டாம். மழையில் திருப்பினால் நேரே போகும். சக்தியைப் பங்கிட்டுக் கொடுக்கிற வகையைப் போடட்டும். பல் விகிதம் மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே போதும்.

லைல்


ஃப்ளின்ட், பிப்ரவரி 18

அன்புள்ள லைல் அண்ணா,

முதலில் நல்ல செய்தி: காதுக்குள் சின்னக் குழாய் வைத்தார்கள், கெல்சி இரண்டு வாரமாக விடிய விடியத் தூங்குகிறாள். நான்தான் தூங்குவதில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். நாலு வருஷம் உயிரியல் படித்தவள் செய்கிற காரியமா என்று நீ சிரிப்பாய். நீ சுகமாக இருக்கிறாயா? இருமல் இருப்பதாக ஃபோனில் தோன்றியது. சமையலறையில் வேட் நின்றிருந்ததால் அதிகம் பேச முடியவில்லை.

உன் கடிதத்தை வேட் நின்றபடியே படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு, "உங்கண்ணனுக்கு அங்க போயும் வாத்தியார் வேலை போகல" என்றார். ஆனால் நீ சொன்னதில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. பன்னிரண்டு போல்ட்டே, பங்கிடுகிற வகையே, முனைகளையும் வெட்டப் போகிறாராம். ஆர்லோவுக்கு ஏமாற்றம்.

இதோடு ஒன்று அனுப்புகிறேன். வேட் டிஃபரன்ஷியலின் பல்சக்கரத்தில் மஞ்சள் பெயின்ட் தடவிச் சுற்றிப் பார்த்தார். பதிந்த தடம் அவருக்குத் திருப்தியில்லை. கடையில் நீ டேப்பை ஒட்டி எடுத்து நோட்டில் ஒட்டி வைப்பாயே, அதே போல நான் எடுத்தேன். அச்சு கலையாமல் வந்திருக்கிறது. பார்த்துச் சொல்.

கோரின்


மார்ச் 31

கோரிக்கு,

தாமதத்துக்கு நான் காரணமில்லை. தபால் பிரிக்கிற அறையில் உன் டேப்பைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மஞ்சளாக ஒரு பிசுக்கு, அதைத் தாளில் ஒட்டி அண்ணனுக்கு அனுப்புகிற தங்கை. ஐந்து வாரம் எங்கோ அனுப்பிச் சோதித்து, அது பெயின்ட்தான் என்று அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டது. கொண்டுவந்து கொடுத்த காவலர், "இதுல என்னய்யா தெரியுது உனக்கு?" என்று கேட்டார். அரை மணி நேரம் சொன்னேன். அவருக்கும் வீட்டில் ஒரு கார் நிற்கிறதாம்.

தடம் பல்லின் அடிப்பக்கம் ஆழ்ந்து விழுந்திருக்கிறது. பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் அதிகம் உள்ளே போய்விட்டது. அதன் பின்னால் இருக்கும் தகட்டில் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு குறைத்துப் போடச் சொல். தடம் நடுவுக்கு வரும். வராவிட்டால் இன்னொன்று எடுத்து அனுப்பு. இனிப் பிடிக்க மாட்டார்கள்.

இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக யாரோ என்னிடம் என் தொழிலைப் பற்றிக் கேட்டார்கள். டேப்பைத் திருப்பி அனுப்பவில்லை, சுவரில் ஒட்டியிருக்கிறேன். இருமல் போய்விட்டது. கெல்சியின் படம் ஒன்று அனுப்பு.

ஆக்சில் எது வாங்குகிறான் என்று நீ எழுதவில்லை.

லைல்


ஃப்ளின்ட், ஏப்ரல் 14

அன்புள்ள லைல் அண்ணா,

படம் வைத்திருக்கிறேன். கையில் இருப்பது ஸ்பானர். பிடுங்கினால் அழுதாள், அப்படியே எடுத்துவிட்டேன். உன் மூக்கு அவளுக்கு, பாவம். எங்கள் எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நீ எழுதியதில், சுவரில் ஒட்டியிருக்கிறேன் என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

நான்கு குறைத்ததும் தடம் நடுவில் வந்துவிட்டது. வேட் உடனே மூடியைப் போட்டு இறுக்கினார். ஆர்லோதான், "ஐந்நூறு மைல் தள்ளி உக்காந்துட்டு பல் பாக்குறான்யா" என்று தெருவுக்கே சொன்னார்.

ஆக்சில் வாங்க வேண்டியதில்லையாம். கராஜில் பெஞ்சுக்கு அடியில், பழைய கம்பளியில் சுற்றி, ஒரு ஜோடி கிடந்தது. துரு இல்லை, வாங்கியபோது சுற்றி வந்த பேப்பர்கூடக் கிழியவில்லை. போல்ட் போடுகிற வகைதான், தட்டில் இருக்கும் துளைகளையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் நீ குத்துகிற மாதிரியே எழுத்துக் குத்தியிருக்கிறது: எல், பி, 8, 93. அது உன் பேர்தானே? உன் கடையைக் காலி செய்தபோது வந்த மிச்சமா? உன் பொருளை உன்னைக் கேட்காமல் போடுவது நன்றாயில்லை என்றேன். "அவன் வந்து என்ன பண்ணப்போறான்?" என்றார் வேட். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகையால் நான் கேட்கிறேன்: போட்டுக்கொள்ளலாமா?

கோரின்


ஃப்ளின்ட், மே 19

அன்புள்ள லைல் அண்ணா,

ஐந்து வாரமாகிறது. இந்தத் தடவை நான் டேப் எதுவும் வைக்கவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? இல்லை, ஸ்பானர் படத்தைப் பிடித்து வைத்துவிட்டார்களா? ஃபோன் செய்து கேட்டேன். ஆள் நலம் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு எதையாவது நினைத்துக்கொண்டு கிடக்கிற வழக்கம் உண்டு என்று உனக்குத் தெரியும். ஒரு வரி போடு.

கோரின்


ஜூன் 2

கோரிக்கு,

படம் கிடைத்தது. ஸ்பானரைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். தபால் அறையின் மேல் தப்பில்லை. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

அந்த இரண்டும் நல்ல ஆக்சில்கள். அவற்றைவிட நல்லது நான் யாருக்கும் வாங்கியதில்லை. அதையே போடச் சொல். முனைகளை வெல்டு வைத்தாயிற்றா? கேட்காதே, பார்.

வேறு எழுத ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

லைல்


ஃப்ளின்ட், ஜூன் 16

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சுகம். நீ?

"நான் யாருக்கும் வாங்கியதில்லை" என்று எழுதியிருக்கிறாய். வாங்கியது யாருக்கு என்று எழுதவில்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு பத்து நாள் சுற்றினேன். நான் மந்தம், இருந்தாலும் எட்டு என்றால் ஆகஸ்ட் என்று எனக்கும் தெரியும்.

கோர்ட்டில் கெல்சிக்குப் பால் கொடுத்தபடி நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அரசாங்க வக்கீல் ஒடிந்த துண்டைத் தூக்கிக் காட்டி, இது பழைய சாதாரண ஆக்சில், இந்த எஞ்சினுக்குத் தாங்காது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாய். தெரிந்தும் யார் போட்டது என்றார். கார் என்னுடையது, கட்டியது நான் என்றாய். வேட் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் உன் பேர் குத்திய ஆக்சில், செப்டம்பரில் உன் காரில் இல்லாமல் எங்கள் பெஞ்சுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அந்த வாரம் உன் காரில் அந்த வேலையைச் செய்தவர் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. முடித்துவிட்டேன், இனி நிம்மதியாக ஓட்டலாம் என்று நம் வீட்டு மேஜையில்தான் சொன்னார். நீ அவருக்கு இரண்டாவது தட்டு வறுத்த மீன் வைத்தாய்.

இரண்டையும் தூக்கி என் கார் டிக்கியில், குழந்தை வண்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நல்ல கனம். வேட் கராஜைத் தலைகீழாக்கித் தேடுகிறார். கிடைக்காவிட்டால் பழைய சாதாரண ஜோடியைப் போட்டு ஊர்வலத்துக்கு ஓட்டிவிடுவாராம். "ஒரு நாள்தானே, மெதுவா போனா தாங்கும்" என்கிறார்.

உன் வக்கீலிடம் கொண்டு போகட்டுமா? போகச் சொன்னால் நாளைக்கே போகிறேன்.

கோரின்


ஜூலை 1

கோரிக்கு,

நீ கேட்டதற்கு நான் பதில் எழுத மாட்டேன். இந்தத் தாளை உனக்கு முன்னால் இன்னொருவர் படிப்பார்.

எழுதக்கூடியதை எழுதுகிறேன். ஓட்டியது நான். ஓட்டுகிறவன் டிரம்மைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும், அரை மணி நேர வேலை. பார்க்கவில்லை. ட்ரீனாவுக்குப் பத்தொன்பது வயது. அதில் என் பங்கு பொய்யில்லை.

ஒடிந்த துண்டைக் கையில் எடுத்தபோதே எனக்கு எல்லாம் தெரியும். அப்போது நீ எட்டு மாதம்.

அக்டோபரில், விடுதலையை முடிவு செய்கிற மூன்று பேர் கொண்ட குழு முன்னால் உட்கார வேண்டும். தன் தப்பு என்று சொல்கிறவனைத்தான் அவர்கள் வெளியே விடுகிறார்கள். இன்னொருவன் தப்பு என்று வாய் திறந்தவனை இன்னும் இரண்டு வருஷம் யோசித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். மூன்று வருஷமாக நான் ஒரே பதிலைச் சொன்ன பிறகு இப்போதுதான் அவர்கள் தலையாட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

வக்கீல் மேஜையில் கிடக்கிற ஆக்சில் யாருடைய சக்கரத்தையும் பிடிக்காது. பின் சீட்டில் யார் உட்காரப் போகிறாள் என்று யோசி. திருப்பி வைத்துவிடு.

கெல்சிக்கு என் முத்தம்.

லைல்


கிராண்ட் பிளாங்க், ஜூலை 28

அன்புள்ள லைல் அண்ணா,

உறையின் மேல் இருப்பது புது முகவரி. நானும் கெல்சியும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். இதை முதலில் பிரித்துப் படிப்பவர் நிதானமாகவே படிக்கட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி திருப்பி வைத்தேன். துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது என்றேன். வேட் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை மாட்டினான். முனைகள் வெல்டு வைத்தாயிற்று, பார்த்தேன். விளக்கைப் பிடிக்கச் சொன்னான், பிடித்தேன். இரண்டாவது பக்கம் நான்கு போல்ட்டையும் இறுக்கிவிட்டுத் தட்டிப் பார்த்து, "லைல் இருந்தா இதைப் பாத்து சந்தோஷப்படுவான்" என்றான்.

அதுவரை நான் ஒன்றும் கேட்பதாக இல்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு கேட்டுவிட்டேன்.

"இதை ஏன் அன்னைக்கு அவன் கார்ல போடல?"

காருக்கு அடியிலிருந்து அவன் கால் மட்டும்தான் தெரிந்தது. "அவன் எழுதினானா?" என்றான்.

"இல்ல. ஆக்சில்லயே எழுதியிருக்கு."

"ரெண்டு நாள் வேலை அது. முனை வெட்டணும், வெல்டு வைக்கணும். ஞாயித்துக்கிழமை பந்தயம். அடுத்த வாரம் போட்டுடலாம்னு இருந்தேன்."

"அந்த ரெண்டு நாள் எங்க போச்சு?"

"நீ ஆஸ்பத்திரியில கெடந்தே, கோரி. உன்னைப் பாப்பேனா, வெல்டு வைப்பேனா?"

நான் விளக்கைத் தரையில் வைத்தேன். அண்ணா, நான் ஆஸ்பத்திரியில் கிடந்தது அதற்கு அடுத்த வாரம். அந்தப் பெண் செத்த செய்தியைக் கேட்டுத்தான் எனக்கு வலி கண்டது. கெல்சி நாலு வாரம் முன்னதாகப் பிறந்தாள். பந்தயத்துக்கு முந்தின இரண்டு நாளும் அவன் ஆர்லோவோடு ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். நம் மேஜையில் வைத்த மீன் அதுதான். இத்தனை வருஷத்தில் அவனுக்கு அவன் சொன்னதே நிஜமாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்து அதை என்னிடமே சொல்கிறான்.

நான் தேதியைச் சொன்னேன். அவன் காருக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. "இப்ப சொன்னா என்ன ஆகும்? அவன் உள்ள இருக்கான், நான் இங்க குழந்தைக்குச் சோறு போடுறேன். ரெண்டு பேரும் உள்ள போகணுமா?" என்றான். பிறகு மெதுவாக, "அந்த ஸ்பானரை எடு" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அவன் ஷிஃப்டுக்குப் போனதும் கெல்சியின் இருக்கையை என் காரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னோடு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற டயானின் வீட்டு மேல் அறை இது. ஒரு ஜன்னல், ஒரு கட்டில். கெல்சி அப்பா எங்கே என்று ராத்திரி மட்டும் கேட்கிறாள். ஊர்வலத்துக்கு அந்தக் காரில் அவள் போகப் போவதில்லை, நானும்தான். அவன் போகட்டும். சக்கரம் கழலாது. அதை நீ பார்த்துக்கொண்டாய்.

நீ என்னைக் கேட்காமல் எனக்கு ஒரு குடும்பத்தை வாங்கிக் கொடுத்தாய். மூன்று வருஷம் அதில் இருந்தேன். காது வலிக்கு அழுதேன், காருக்கு வண்ணம் பார்த்தேன், உன்னை வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு வழியில் சாப்பிட்டுத் திரும்பினேன். எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு நாள் இருந்திருப்பேனா என்று நீ யோசித்தாயா? உன் மேல் எனக்குக் கோபம்தான். அதையும் எழுதிவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டால் தூக்கம் வராது.

ஆனால் எந்த வீட்டுக்காக நீ வாய் திறக்காமல் இருந்தாயோ, அந்த வீடு இப்போது இல்லை. ஆக்சில் அவன் காரில் இருக்கிறது, உன் பேரும் தேதியும் அதில் இருக்கிறது, அவன் சொன்னதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சொன்னால் குழு உன்னை இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்ளும் என்றாய். சொல்லாவிட்டால் நீ அக்டோபரில் அவன் தப்பைச் சுமந்தபடியே வெளியே வருவாய். இதில் ஒன்றை நான் உனக்காகத் தேர்ந்தெடுக்க மாட்டேன். நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்யக் கூடாது.

என்ன செய்யட்டும் என்று நீயே எழுது. சீக்கிரம் பதில் போடு.

கோரின்